ஐயமும் சந்தேகமும் ஒன்றுதானா?

வாசகர் கேள்வி, 8 டிசம்பர் 2024

என் மகள் மூன்றாம் வகுப்பு. ஆத்திசூடி ஒப்பிக்கும்போது ‘ஐயம் இட்டு உண்’ வந்ததும் நிறுத்திவிட்டாள். “ஐயம்னா சந்தேகம்னு டீச்சர் சொன்னாங்க. சந்தேகத்தை இலையில போட்டுச் சாப்பிடணுமாப்பா?” என்று கேட்டாள். உரையில் பிச்சை என்று இருக்கிறது. பிச்சைக்கும் சந்தேகத்துக்கும் என்ன உறவு? ஐயம் தமிழ், சந்தேகம் வடமொழி, மற்றபடி இரண்டும் ஒரே பொருள்தான் என்பது என் எண்ணம். சரியா?

8 டிசம்பர் 2024, இரவு

குழந்தைக்கு முதலில் பதில் சொல்லிவிடுங்கள். ஆத்திசூடியில் வரும் ஐயம், இரப்பவர்க்கு இடும் உணவு. இட்டுவிட்டு நீ உண். கொன்றைவேந்தனில் ‘ஐயம் புகினும் செய்வன செய்’ என்று வருவதும் இதே ஐயம்தான். பிச்சைக்குப் போகும் நிலை வந்தாலும் செய்ய வேண்டியதைச் செய் என்று பொருள்.

இரண்டாவது கேள்விக்கு அவசரமாக ஆம் சொல்ல மனம் வரவில்லை. எனக்குத் தெரிந்தவரை ஐயம் ஒரு பொருளைப் பற்றியது, சந்தேகம் ஓர் ஆளைப் பற்றியது. ஐயம் யாரையும் குத்தாது. நாளை விரிவாக எழுதுகிறேன்.

9 டிசம்பர் 2024

ஐயம் மூன்று இருக்கிறது. பிச்சை, தெளிவின்மை, அப்புறம் கோழை. சித்த மருத்துவத்தில் வளி, அழல், ஐயம் என்று மூன்று சொல்வார்களே, அதில் மூன்றாவது. ஐ என்ற ஒற்றை எழுத்தே கோழைக்குப் பழைய சொல். திருவையாற்றுப் பதிகத்தில் சம்பந்தர் உயிர் பிரியும் நேரத்தைச் சொல்லும்போது ‘ஐ மேல் உந்தி அலமந்த போதாக’ என்கிறார். கோழை மேலே முட்டி, உயிர் தத்தளிக்கும் வேளை.

9 டிசம்பர் 2024, சற்றுப் பிறகு

படுத்த பிறகு தோன்றியது. கோழை தொண்டையில் நிற்கிறது, உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. தெளிவில்லாத எண்ணமும் அப்படித்தானே மனத்தில் நிற்கிறது? இரண்டு ஐயமும் ஒரே வேரில் முளைத்திருக்குமோ?

10 டிசம்பர் 2024

நேற்று இரவு எழுதியதை விட்டுவிடுங்கள். ஓசை ஒத்துப்போனதும் உவமை ஒன்றைப் பிடித்து ஒட்டவைத்துவிட்டேன். சொல்லாராய்ச்சியில் பலரும் விழுகிற குழி இது. கல் என்றால் பாறை, கல் என்றால் படி. படிப்பு பாறைபோலக் கடினம் என்பதால் ஒரே சொல் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்வோமா?

உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. தெளிவின்மையைக் குறிக்கும் ஐயத்துக்கு வினை வடிவம் ஐயுறு. பெயர் ஐயுறவு. இதில் நிற்பது ஐ என்ற ஓரெழுத்து. தொல்காப்பிய உரியியலில் ‘ஐ வியப்பாகும்’ என்றொரு நூற்பா இருக்கிறது. வியந்து நிற்பவனும் ஐயுற்று நிற்பவனும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் நிற்பார்கள். குறளில் காமத்துப்பாலின் முதல் பாட்டே (1081) அந்த நிற்றல்தான்: ‘அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ கனங்குழை மாதர்கொல் மாலும்என் நெஞ்சு’. தெய்வமா, மயிலா, பெண்ணா? அவன் வியக்கிறானா ஐயுறுகிறானா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இதை வேர்ச்சொல் முடிவாக நான் வைக்கவில்லை. அந்தக் குறளைப் படிக்கும்போது அந்த ஐ எனக்குக் கேட்கிறது, அவ்வளவே.

11 டிசம்பர் 2024

சந்தேகத்தின் வேர் இதைவிடத் தெளிவு. சம் என்ற முன்னொட்டு, திஹ் என்ற வினையடி. திஹ் என்றால் பூசு, மெழுகு. அதே திஹ்-இலிருந்துதான் தேகம் வந்தது. பூசி வனைந்தது தேகம். சந்தேகம், ஒன்றின்மேல் ஒன்று பூசப்பட்டு எது எதுவென்று பிரியாமல் போனது. தேகமும் சந்தேகமும் அக்காள் தங்கை என்று தெரிந்த நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம். ஆங்கிலத்தில் பிசைந்த மாவைக் குறிக்கும் டோ என்ற சொல்லும் தூரத்து உறவு. பிசைவதும் பூசுவதும் ஒரே கைவேலைதானே.

எங்கள் ஆச்சி வெள்ளிக்கிழமை காலையில் தரை மெழுகுவாள். சாணியில் கொஞ்சம் செம்மண் கரைத்து, வலது கையை அகல விரித்து, வில் வில்லாக வளைத்து இழுத்துக்கொண்டே பின்னால் நகர்வாள். ஈரம் இருக்கும்வரை பழைய வெடிப்பு எங்கே, புதுப் பூச்சு எங்கே என்று சொல்லவே முடியாது. காய்ந்தால்தான் வெடிப்பு தன் இடத்தைக் காட்டும். சந்தேகம் என்ற சொல்லைச் செய்தவன் இப்படி ஒரு தரையைப் பார்த்திருக்க வேண்டும்.

இன்னொரு வடசொல் சம்சயம். அதில் இருப்பது படுத்தல் என்ற வினையடி. நாம் நூல்களோடு விட்டுவிட்டோம், மலையாளத்தில் அன்றாடம் புழங்குகிறது. ‘ஒரு சம்சயம்’ என்று ஆரம்பிக்காத வகுப்பு அங்கே கிடையாது.

11 டிசம்பர் 2024, மாலை

ஓசூரில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். பக்கத்து மேசையில் கன்னடக்காரர். ஒருநாள் ஒரு ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு ‘நனகெ அனுமான இதெ’ என்றார். அவர் ஏதோ ஊகித்துவிட்டார், முடிவைச் சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவரோ என் பதிலுக்குக் காத்திருந்தார். அனுமானம் தமிழில் ஊகித்து அறிதல். கன்னடத்திலும் தெலுங்கிலும் அதற்குச் சந்தேகம் என்ற பொருள் வந்துவிட்டது. புகையைப் பார்த்து நெருப்பை அறிகிற சொல், எல்லையைத் தாண்டினால் நெருப்பு உண்டா என்று தயங்குகிற சொல்லாகிவிடுகிறது.

13 டிசம்பர் 2024

இரண்டு நாளாகத் தென்காசிப் பக்கம் அடித்து ஊற்றுகிறது. குற்றால அருவியில் வெள்ளம். மின்சாரம் போய்ப் போய் வருகிறது, அதனால் சுருக்கமாக.

தெளிவின்மைக்குச் சொல் தேடிக்கொண்டே இருக்கிறோம். தமிழில் அது தனிச்சொல்லைவிட ஒட்டுச்சொல்லில்தான் அதிகம் குடியிருக்கிறது என்று இன்று பட்டது. ‘மழை வந்தாலும் வரும்’ என்றார் பால்காரர். அந்த ‘உம்’ இருக்கிறதே, அதற்கு இலக்கணத்தில் ஐய உம்மை என்று பெயர். ‘அவன் வெல்லினும் வெல்லும்’ என்பது பாடநூலில் வரும் சான்று. உம்மைக்குத் தொல்காப்பியம் தரும் எட்டுப் பொருளில் ஐயமும் ஒன்று. பழைய தமிழில் இதற்கென்றே கொல் என்று ஓர் இடைச்சொல் இருந்தது. அதற்கான நூற்பா இரண்டே சொல்: ‘கொல்லே ஐயம்’. கொல் போய்விட்டது. ஓ மட்டும் தங்கி, ‘வருவானோ என்னவோ’ என்று நாள் முழுக்க நம் வாயில் ஓடிக்கொண்டிருக்கிறது.

வானிலை அறிக்கையில் ‘ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்’ என்கிறார்களே, அந்த ஓரிருவும் தயக்கத்தைக் காட்டும் சொல்தான்.

14 டிசம்பர் 2024

கடைசி வரி தவறு. ஓரிரு இடங்கள் என்பது அவர்கள் அளந்து வைத்த கலைச்சொல். ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால்பங்கு வரை மழை பதிவானால் ஓரிரு இடங்கள். அதற்கு மேல் பாதி வரை போனால் ஒரு சில இடங்கள். பரப்பைச் சொல்கிற சொல் அது. நான்தான் தயக்கமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். தெளிவின்மையைச் சொல்வது பின்னால் வரும் ‘பெய்யக்கூடும்’ மட்டுமே.

17 டிசம்பர் 2024

மார்கழி இரண்டு. விடியற்காலையில் பெருமாள் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவையின் இரண்டாம் பாசுரம். எத்தனையோ வருடமாகக் கேட்கிறேன், இன்றுதான் காது நின்றது: ‘ஐயமும் பிச்சையும் ஆந்தனையும் கைகாட்டி’. ஐயம் என்றால் பிச்சை என்று 8ஆம் தேதி எழுதினேனே, இங்கே ஆண்டாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறாள். ஒன்றே என்றால் ஏன் இரண்டு முறை?

வைணவ உரைகளில் விளக்கம் இருக்கிறது. தகுதியுடைய பெரியோர்க்குக் கொடுப்பது ஐயம். பிரம்மசாரிகளுக்கும் துறவிகளுக்கும் இடுவது பிச்சை. ஆக ஆண்டாளின் ஐயத்தில் மரியாதை சேர்ந்திருக்கிறது. உங்கள் மகளிடம் இதையும் சொல்லுங்கள்.

19 டிசம்பர் 2024

ஆச்சியின் வாயில் ஐயமும் வராது, சந்தேகமும் வராது. ஐமிச்சம் என்பாள். “எனக்கு அப்பமே ஒரு ஐமிச்சம் இருந்துச்சு ஏ” என்று தொடங்கினால் அரைமணி நேரம் கதை. அந்தச் சொல்லை இப்போது என் பிள்ளைகளிடம் சொன்னால் ஏதோ பலகாரம் என்று நினைக்கிறார்கள்.

எனக்கு ஒன்பதோ பத்தோ வயது. கண்மாய்க் கரையில் ஆச்சியோடு வருகிறேன். பொழுது சாய்ந்துவிட்டது. மடைக்குப் பக்கத்தில் ஓர் உருவம். அசையவில்லை. நான் ஆச்சியின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். அவளும் நின்றுவிட்டாள். “குத்துக்கல்லா ஆளான்னு தெரியலையே” என்றாள் மெதுவாக. ஓடவில்லை, கூப்பிடவும் இல்லை. கையைப் புருவத்தின்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கொக்கு வந்து அதன் உச்சியில் உட்கார்ந்தது. “கல்லுதான், நடல” என்றாள்.

பல வருடம் கழித்துத் தொல்காப்பியத்துக்குச் சேனாவரையர் எழுதிய உரையில் ‘குற்றிகொல்லோ மகன்கொல்லோ தோன்றாநின்ற உருவு’ என்ற எடுத்துக்காட்டைப் படித்தபோது முதுகு சிலிர்த்தது. குற்றி என்றால் மரக்கட்டை. கட்டையா, ஆளா? வடமொழித் தர்க்க நூல்களிலும் இதே கட்டை, இதே ஆள். கண்மாய்க் கரையில் எழுத்தறியாத ஆச்சி ஒருத்தி அதே வாக்கியத்தைச் சொன்னாள்.

அசையாமல் இருப்பவனைக் ‘குத்துக்கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கான்’ என்கிறோமே, அது இதே காட்சியைத் திருப்பிப் போட்டது.

20 டிசம்பர் 2024

சேனாவரையரின் அந்த எடுத்துக்காட்டு வருவது தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் என்ற பகுதியில். அங்கேயே இன்னொன்று. ‘பால்மயக் குற்ற ஐயக் கிளவி தான்அறி பொருள்வயின் பன்மை கூறல்’. வருவது மனிதர் என்று தெரிகிறது, ஆணா பெண்ணா தெரியவில்லை என்றால் பன்மையில் சொல் என்கிறது விதி. ‘ஆண்மகன்கொல்லோ பெண்டாட்டிகொல்லோ இஃதோ தோன்றுவார்’ என்று உரை காட்டும்.

இன்று வாசலில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. அடுக்களையிலிருந்து மனைவி, “யாரோ வந்திருக்காங்க பாருங்க” என்றாள். வந்தது கூரியர் பையன் ஒருவன்தான். வந்தவன் யார் என்று தெரியாத கணத்தில் அவள் வாயில் தானாகப் பன்மை வந்தது. நூற்பா படித்துப் பேசவில்லை. மரியாதைக்காக ‘ஆங்க’ போட்டாள் என்று நீங்கள் சொல்லலாம். அப்படியானால் கதவைத் திறந்ததும் “ஏ தம்பி, இங்க வை” என்று ஒருமைக்கு எப்படி இறங்கினாள்? தெரியாதவரை பன்மை, தெரிந்ததும் ஒருமை.

22 டிசம்பர் 2024

8ஆம் தேதி ஏன் அவ்வளவு வேகமாக ஐயம் வேறு சந்தேகம் வேறு என்று எழுதினேன் என்று யோசித்தேன். காரணம் ஒரு பலசரக்குக் கடை.

பதினெட்டு வருடமாக அங்கேதான் பற்று. அண்ணாச்சி என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நீளவாக்கில் மடக்கிய கோடு போட்ட நோட்டு, காதில் பென்சில். போன ஆகஸ்ட் மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது உளுந்து இரண்டு கிலோ, மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை எழுதியிருந்தது. “அண்ணாச்சி, இதுல எனக்கு ஒரு சந்தேகம்” என்றேன். நான் நினைத்தது, இரண்டு தடவை வாங்கினோமா ஒரு தடவையா என்று தெரியவில்லை என்பதுதான்.

அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்துக் கல்லாப்பெட்டியின்மேல் வைத்தார். “பதினெட்டு வருசத்துக்குப் பெறகு எம்மேல சந்தேகமாக்கும்?” கடையில் நாலு பேர் நின்றார்கள். நான் அவசரமாக, “உங்க மேல இல்ல அண்ணாச்சி, கணக்கு மேல” என்றேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. கணக்கை எழுதியவர் அவர்தானே.

வீட்டுக்கு வந்து கேட்டால், முதல் உளுந்து மனைவி வாங்கியது, இரண்டாவது இட்லிக்கு ஊறப்போடப் போதவில்லை என்று பையன் வாங்கியது. கணக்கு சரி. மறுநாள் போய்ச் சொன்னேன். “சரி தம்பி” என்றார். அதற்கப்புறம் நோட்டை அவர் என்னிடம் நீட்டுவதே இல்லை. கடைப்பையன்தான் தொகையைச் சொல்கிறான்.

ஐயம் என்று சொல்லியிருந்தால் அவருக்கு அப்படித் தைத்திருக்காது. கடையில் நின்று யார் ஐயம் என்று பேசுவார்கள்? அந்த இடத்தில் எனக்கு வேறு சொல் இருக்கவில்லை.

24 டிசம்பர் 2024

சந்தேகம் என்ற ஒரே சொல்லைப் போலீசும் கோர்ட்டும் எப்படி வைத்திருக்கின்றன பாருங்கள். செய்தித்தாளில் முதல் பத்தியில் ‘சந்தேக நபர்’ பிடிபடுகிறார். சில வருடம் கழித்து அதே வழக்கில் ‘சந்தேகத்தின் பலன்’ அளித்து அவரை விடுவிக்கிறார்கள். முதல் சந்தேகம் அவர்மேல் விழுந்த நிழல். இரண்டாவது, நீதிபதிக்கு இரண்டு பக்கமும் நிச்சயமாகத் தெரியவில்லை என்ற நிலை. ஒன்று பிடித்து உள்ளே தள்ளியது, இன்னொன்று வெளியே விட்டது. ‘ஐயத்திற்கு இடமின்றி’ என்று தீர்ப்பைத் தமிழில் எழுதுகிறவர்கள் எழுதும்போது எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

26 டிசம்பர் 2024

என் கட்சி சரியில்லை. ஐயம் ஆளைத் தொடாது என்று அடித்துச் சொன்னேன். இன்று குறளைப் புரட்டினால் 510ஆம் குறள் முகத்தில் அறைகிறது:

தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும்
தீரா இடும்பை தரும்.

ஆராயாமல் ஒருவனை நம்புவதும், நம்பிய பிறகு அவன்மேல் ஐயப்படுவதும் தீராத துன்பம் தரும். ‘தெளிந்தான்கண் ஐயுறவு’. ஆள்மேல்தான். பலசரக்குக் கடையில் நான் செய்ததற்கு அண்ணாச்சி கண்ட பெயரும் இதுதான்.

அகப்பாட்டிலும் அப்படித்தான். கடி என்ற உரிச்சொல்லுக்குப் பல பொருள் சொல்லும் தொல்காப்பியம் ‘ஐயமும் கரிப்பும் ஆகலும் உரிய’ என்று சேர்க்கிறது. அதற்குச் சான்று ‘கடுத்தனள் அல்லளோ அன்னை’. மகளின் களவு, ஊரறியாத காதல், தாய்க்குத் தட்டுப்பட்டுவிட்டது, தாய் ஐயுற்றுவிட்டாள். கண்மாய்க் கல்லைப் பார்த்த ஐயமில்லை இது. மகளின் முகத்தைப் பார்த்த ஐயம்.

ஆக இரண்டு சொல்லுக்கும் இரண்டு முகமும் உண்டு. இன்றைய பேச்சில் சந்தேகத்துக்கு ஒரு முகம் தடித்துப்போயிற்று. ஐயம் பேச்சிலிருந்தே விலகிப் புத்தகத்துக்குள் போனதால் அதன் மென்மை அப்படியே மிச்சமிருக்கிறது. சொல்லின் இயல்பு என்று நான் நினைத்தது, அது புழங்காமல் இருப்பதால் வந்த சுத்தம்.

28 டிசம்பர் 2024

மணிமேகலை, சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதை. அறிவில் வரும் குற்றங்கள் எட்டு என்று ஒரு பட்டியல். அதில் இந்த வரிகள்:

ஐயம் என்பது ஒன்றை நிச்சயியா
மையல் தறியோ மகனோ என்றல்
தேராது தெளிதல் செண்டு வெளியில்
ஓராது தறியை மகன்என உணர்தல்

தறி என்றால் தூண், நட்டுவைத்த கட்டை. மறுபடியும் நம் கட்டையும் ஆளும். ஆனால் இங்கே ஒரு படி மேலே போகிறது. தறியோ மகனோ என்று நிற்பது ஒரு குற்றம். பொட்டல்வெளியில் நின்றதைப் பார்த்து, யோசிக்காமல், ‘ஆள்தான்’ என்று முடிவு கட்டுவது அடுத்த குற்றம், அதற்குத் தனிப்பெயர்: தேராது தெளிதல். இவற்றுக்கு முன்னால் திரியக் கோடல் வருகிறது, சிப்பியை வெள்ளி என்று கொள்வது. ஐயம் திரிபறக் கற்க வேண்டும் என்று வாத்தியார்கள் சொல்வார்களே, அந்த ஐயமும் திரிபும் இந்தப் பட்டியலில் பக்கத்துப் பக்கத்து வீடு.

எனக்குத் தேராது தெளிதல் என்ற பெயர்தான் மனசில் நின்றுவிட்டது. ஐயத்துக்கு ஊரெல்லாம் பெயர் இருக்கிறது. பார்க்காமலே உறுதியாகிவிடுவதற்கு எத்தனை பேர் பெயர் வைத்தார்கள்? குறள் 510இன் முதல் இரண்டு சொல்லும் அதுவே: தேரான் தெளிவு. வள்ளுவரும் மணிமேகலை பாடிய சாத்தனாரும் அதே வினைகளை, தேர், தெளி, ஒன்றாக வைத்திருக்கிறார்கள். தேர்ந்த பின் தெளிய வேண்டும். நடுவில் ஐயம் நிற்க வேண்டிய நேரம் நின்றுதான் ஆக வேண்டும். ஆச்சி கையைப் புருவத்தில் வைத்து நின்றாளே, அந்த நேரம்.

2 ஜனவரி 2025

பையன் விடுமுறையில் வந்திருக்கிறான். அவனுக்கு எல்லாமே டவுட்டுதான். “அப்பா, ஒரு டவுட்டு” என்றால் கேள்வி என்று பொருள். சார்மேல் டவுட் என்று அவன் நினைப்பதே இல்லை. கடைசியில் யாரையும் குத்தாத சொல் நமக்கு ஆங்கிலத்திலிருந்துதான் வந்து சேர்ந்திருக்கிறது.

அதன் வேரும் அழகு. லத்தீனில் இரண்டு என்ற எண்ணோடு உறவுள்ள சொல். ஜெர்மனிலும் தெளிவின்மைக்கான சொல்லுக்குள் இரண்டு இருக்கிறது. தமிழிலும் கவர்பொருள் என்கிறோம், கவர்த்த வழி என்கிறோம். கிளை பிரிந்து இரண்டாக நிற்பது கவர். மனிதர் எங்கிருந்தாலும் தெளிவின்மை இரண்டு தலையோடுதான் வருகிறது.

3 ஜனவரி 2025

இரண்டு தலை என்று நேற்று முடித்துவிட்டேன். பரிமேலழகர் ஒத்துக்கொள்ளமாட்டார். ‘ஐயத்தின் நீங்கித் தெளிந்தார்க்கு’ என்ற 353ஆம் குறளுக்கு அவர் உரை: ‘ஐயமாவது பலதலையாய உணர்வு’. பேய்த்தேரோ புனலோ, கயிறோ அரவோ என்று துணியாமல் நிற்பது என்கிறார். பேய்த்தேர் என்றால் கானல்நீர். சான்றெல்லாம் இரண்டிரண்டாக இருந்தாலும் சொல் பலதலை. 1081இலும் மூன்று ‘கொல்’ வந்ததே.

பலதலைக்கு நளவெண்பாவை விடப் பெரிய சான்று உண்டா? சுயம்வர மண்டபத்தில் ஐந்து நளன். நான்கு பேர் தேவர்கள். தமயந்தி மாலையோடு நிற்கிறாள். அவள் யாரையும் குற்றம் சொல்லவில்லை, அழுது புரளவில்லை. பார்த்தாள்.

கண்ணிமைத்த லால்அடிகள் காசினியில் தோய்தலால்
வண்ண மலர்மாலை வாடுதலால்

தேவர் கண் இமைக்காது, கால் மண்ணில் படாது, மாலை வாடாது. இமைக்கிற, மண்ணில் நிற்கிற, வாடின மாலை போட்ட ஒருவன்தான் என் நளன்.

இது நளவெண்பா பாடிய புகழேந்திக்கு முன்பே தொல்காப்பியக் களவியலில் இருக்கிறது. தலைவன் அவளை முதலில் பார்த்துத் தெய்வப்பெண்ணோ என்று ஐயுறும்போது எவை அந்த ஐயத்தைக் களையும் என்று ஒரு நூற்பா: வண்டே, இழையே, வள்ளி, பூவே, கண்ணே, அலமரல், இமைப்பே, அச்சம். கூந்தல் பூவை வண்டு மொய்க்கிறது, நகை யாரோ கையால் செய்தது, தோளில் எழுதிய கொடி தெரிகிறது, பூ வாடுகிறது, கண் இமைக்கிறது, அவள் பயப்படுகிறாள். தெய்வமில்லை, பெண். ‘களையும் கருவி’ என்றே சொல் போட்டிருக்கிறார். களையெடுக்கும் கருவிபோல. குறை என்று நாம் நினைப்பதெல்லாம் இங்கே கருவி: வாட்டம், இமைப்பு, அச்சம்.

15 ஜனவரி 2025

மாட்டுப்பொங்கல். கடை பாதிக் கதவு திறந்திருந்தது. பொங்கல் சாமான் பற்று பாக்கி இருந்ததால் போனேன். கடைப்பையன் ஊருக்குப் போய்விட்டான். அண்ணாச்சி தனியாக.

நோட்டைத் திறந்தார், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். பிறகு நோட்டை என் பக்கம் திருப்பினார். “தம்பி, இது எங்கையெழுத்துதான். தேங்கா ஒண்ணா ஏழான்னு எனக்கே வெளங்கல. பாருங்க.”

குனிந்து பார்த்தேன். பென்சில் கோடு மேலே லேசாக வளைந்திருந்தது. ஒன்று என்றாலும் சரி, ஏழு என்றாலும் சரி. “ஒண்ணோ ஏழோ, எனக்கும் தெரியல அண்ணாச்சி” என்றேன்.

“வீட்டுல எத்தன ஒடச்சீக?”

“அது அவளத்தான் கேக்கணும். கீழ மொத்தம் போட்டிருக்கீங்களா?”

போட்டிருந்தார். 1,846. அவர் வாய்விட்டுக் கூட்ட, நான் விரலை வரிவரியாக நகர்த்தினேன். பச்சரிசி, வெல்லம், பாசிப்பருப்பு, நெய், முந்திரி, மஞ்சள்கொத்து. தேங்காயை விட்டுவிட்டுக் கூட்டினால் 1,636 வந்தது. மீதி 210.

“தேங்கா என்ன வெல போட்டீங்க?”

“முப்பது.”

“அப்ப ஏழு.”

“ஏழு” என்று சொல்லிப் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, அந்தக் கோட்டின் நடுவில் குறுக்கே ஒரு சின்னக் கோடு போட்டார்.